தலைக்குள் அழுத்தம், கண் நரம்பு வீக்கம்: கடைசி வரி வரை வாசிக்கிறாள், அப்படியும் அவசரமா?

பூண்டுக்காட்டான் (பூம்பாறை):

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சி விஷயமாகக் கேட்கிறேன். 27 வயது. சித்திரையில் இரண்டாவது குழந்தை பிறந்தது. அதற்கப்புறம் உடம்பு நன்றாகப் போட்டுவிட்டது. கொஞ்ச நாளாகத் தலைவலி. காலையில் எழும்போதுதான் அதிகம், இருமினால் மண்டை தெறிக்கிறது என்பாள். பூண்டுக் காட்டில் குனிந்து களை எடுத்துவிட்டு நிமிர்ந்தால் இரண்டு கண்ணும் சாம்பல் நிறமாக மறைந்து, நாலைந்து வினாடியில் திரும்ப வருகிறது. ரத்தம் குறைவு, பேரீச்சம்பழம் சாப்பிடு என்று ஊரே சொன்னது.

கண் முகாமில் காட்டினோம். பலகையில் கடைசி வரி வரை வாசித்தாள். பார்வை 6/6, கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தலைவலி நிற்காததால் நேற்று வத்தலகுண்டில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து உள்ளே பார்த்தார். இரண்டு கண்ணிலும் நரம்பு முனை வீங்கியிருக்கிறது, தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது போல, நாளைக்கே மதுரைக்குப் போங்கள் என்கிறார். ஸ்கேன் எடுக்க வேண்டுமாம், முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கவும் வேண்டியிருக்குமாம்.

முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும், விடமாட்டேன் என்று அவள் மாமியார் ஒற்றைக் காலில் நிற்கிறார். எங்கள் ஊர்க் குழந்தை வேலப்பர் கோயிலுக்கு நேர்த்திக்கடன் இருக்கிறது, திருவிழா முடியட்டும் என்கிறார். இவளும் ஊசியில் நூல் கோக்கிறேனே, கண்ணுக்கு என்ன என்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவ்வளவு அவசரமா?

கண்ணாடிக்காரி (மதுரை):

அவசரம்தான் அண்ணா. திருவிழா வரைக்கும் வைத்திருக்காதீர்கள். நான் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பரிசோதனை செய்கிறவள். தினமும் இந்தச் சோதனைகளைச் செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிவான ஒரு நீர் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நேரத்தில் சுமார் 150 மில்லி. நாள் முழுக்கச் சுமார் 500 மில்லி புதிதாக ஊறி, அதே அளவு மூளையின் சிரைகளுக்குள் வடிந்துபோகும். வடிவது தடைபட்டால் மண்டையோடு விரிந்து கொடுக்காது, உள்ளே அழுத்தம் ஏறும். கண் நரம்பைச் சுற்றியிருக்கிற உறைக்குள்ளும் இதே நீர்தான் இருக்கிறது. ஆகவே அழுத்தம் உறை வழியாகக் கண்ணின் பின்பக்கம் வரை வந்து நரம்பை நெருக்கும். நரம்பிழைக்குள் நடக்க வேண்டிய ஓட்டம் தேங்கி முனை வீங்கும். இதைத்தான் பாப்பிலெடிமா என்கிறோம். குனிந்து நிமிரும்போது சில வினாடி கண் மறைவது இதற்கு ரொம்பவும் தெரிந்த அறிகுறி.

அப்புறம் அந்த 6/6. எழுத்துப் பலகை நடுப்பார்வையை மட்டும்தான் சோதிக்கும். இந்த நோயில் நடுப்பார்வை பெரும்பாலும் கடைசியில்தான் போகும். எல்லோர் கண்ணிலும் இயல்பாக இருக்கிற குருட்டுப் புள்ளி முதலில் பெரிதாகும். பிறகு ஓரங்கள் அரிக்கும், அதுவும் மூக்குப் பக்கம் கீழ்மூலையில் ஆரம்பிப்பது வழக்கம். ஒரு கண் விட்டதை இன்னொரு கண் ஈடுகட்டிவிடுவதால் ஆளுக்கே தெரியாது. நூல் கோக்க நடுப்பார்வை போதும். முகாமில் பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்த சோதனை அவ்வளவுதான் சொல்லும்.

இவளுக்குச் செய்ய வேண்டியது பார்வைப் புலச் சோதனை. ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் பதித்த எந்திரத்தில் நெற்றியை ஒட்டி உட்கார வைப்போம். நடுவில் இருக்கிற விளக்கையே பார்க்க வேண்டும். கிண்ணத்தில் எங்கேயாவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். மங்கலாகவும் வரும், சில தெரியவே தெரியாது. நிறையப் பேர் பரீட்சை என்று நினைத்துப் பயந்து எல்லாவற்றுக்கும் அழுத்துவார்கள். அப்படிச் செய்தால் அறிக்கை எதற்கும் உதவாது. தெரிந்தால் மட்டும் அழுத்தச் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

மன்னவனூர் மச்சான்:

பிபி பார்த்தீர்களா மாப்ளே? அழுத்தம்தானே, மாத்திரையில் இறங்கிவிடுமே. எங்கப்பாவுக்கும் கண் பிரஷர் வந்தது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இன்றைக்கும் முட்டைக்கோஸ் காட்டுக்குப் போய் வருகிறார். முதுகில் குத்துவதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் பில் ஏற்றுகிற வேலை.

வத்தலகுண்டு மெடிக்கல்:

மச்சான், மூன்று அழுத்தத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். பிபி என்பது ரத்தக்குழாயில் இருப்பது. உங்கப்பாவுக்கு வந்தது கண் உருண்டைக்குள் இருக்கிற நீரின் அழுத்தம், கிளாக்கோமா. இங்கே கேட்பது மண்டைக்குள் இருக்கிற நீரின் அழுத்தம். ஒன்றுக்குப் பார்க்கிற வைத்தியம் அப்படியே இன்னொன்றுக்கு ஆகாது. ஆனால் பிபி பார்க்கத்தான் வேண்டும், எக்கச்சக்கமாக ஏறினாலும் நரம்பு முனை வீங்கும்.

பூண்டுக்காட்டான் தம்பி, தங்கை சாப்பிட்ட மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். பருவுக்கோ காய்ச்சலுக்கோ டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் எடுத்தாளா? வைட்டமின் ஏ அதிகமாகப் போட்டாளா? ஸ்டீராய்டு சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினாளா? இவை எல்லாமே தலைக்குள் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை.

இன்னொன்று, பிரசவத்துக்குப் பிறகு வந்திருக்கிறது. மூளையின் சிரைக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டாலும் இதே தலைவலி, இதே வீக்கம்தான் வரும். கர்ப்ப காலத்திலும் பிள்ளை பெற்ற பிறகும் ரத்தம் உறையும் தன்மை கூடும். கருத்தடை மாத்திரையாலும் கூடும். நம் பக்கம் பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பார்கள் பாருங்கள், அது வேறு சேர்ந்துகொள்ளும். அதனால் வெறும் எம்ஆர்ஐ மட்டும் போதாது. சிரைகளைக் காட்டும் எம்ஆர்வி படமும் கேட்பார்கள். அது எதற்கு வீண்செலவு என்று தட்டிக்கழிக்காதீர்கள். உறைவு இருந்தால் வைத்தியமே வேறு.

தாண்டிக்குடி மிளகு:

நூல் கோக்கிறேன் என்கிறாளே, நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த நோய் இருக்கிறது. கட்டியும் இல்லாமல் உறைவும் இல்லாமல் அழுத்தம் மட்டும் கூடுவதற்கு ஐஐஎச் என்று சீட்டில் எழுதுவார்கள். பிள்ளை பெறுகிற வயதில் இருக்கிற, சமீபத்தில் எடை கூடிய பெண்களுக்குத்தான் அதிகமாக வருகிறது.

தங்கச்சியிடம் ஒன்று கேளுங்கள். ராத்திரி படுத்தால் காதுக்குள் புஸ், புஸ் என்று நாடித்துடிப்போடு சேர்ந்து சத்தம் கேட்கிறதா? எனக்கு முதலில் அதுதான் வந்தது. காதில் பூச்சி போய்விட்டது என்று வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள்!

முதுகு ஊசிக்கு வருவோம். மாமியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவளுக்குப் பிரசவம் சிசேரியனா? ஆம் என்றால் பெரும்பாலும் அன்றைக்கே முதுகில் ஊசி போட்டிருப்பார்கள், கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதுகெலும்பில் இடுப்புப் பகுதியின் முதல் எலும்பு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே, அந்தப் பகுதியின் 3-ஆம் எலும்புக்கும் 4-க்கும் நடுவில் அல்லது 4-க்கும் 5-க்கும் நடுவில். அங்கே நீருக்குள் தனித்தனி நரம்பிழைகள்தான் மிதக்கின்றன. ஸ்கேனில் கட்டி இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஊசியையே எடுப்பார்கள்.

என்னை இடது பக்கமாகப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருளச் சொன்னார்கள். மரத்துப்போக ஒரு ஊசி, அது எறும்புக்கடி. அடுத்த ஊசி உள்ளே போகும்போது வலி இல்லை, ஒரு நெருக்கல். பிறகு செங்குத்தாக ஒரு கண்ணாடிக்குழாயைப் பொருத்தினார்கள். அதில் நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அதுதான் அளவு. பெரியவர்களுக்கு 25 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் அதிகம் என்று கணக்கு. அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டால் அளவு பொய்யாக ஏறும், சாதாரணமாக மூச்சு விடச் சொல்வார்கள். அன்று சாயங்காலமே தலை லேசாகிவிட்டது. ஆனால் எழுந்து உட்கார்ந்தால் வேறு மாதிரித் தலைவலி இரண்டு மூன்று நாள் இருந்தது. அது ஊசி ஓட்டை வழியாக நீர் கசிவதால் வருவது, படுத்தால் போய்விடும்.

ஏரிக்கரை (கொடைக்கானல்):

எழுத மனசில்லை, ஆனாலும் அந்த மாமியாருக்காக எழுதுகிறேன். என் அக்காவுக்கும் இதே கதைதான். ஒரு இடத்தில் ஒற்றைத் தலைவலி என்று மாதக்கணக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். கண்ணுக்குள் யாரும் வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை. கண்ணாடி நம்பர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் மதுரையில் பார்த்தபோது வீக்கம் குறைவாகத்தான் இருக்கிறது என்றார்கள். நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம். டாக்டர் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வீக்கம் வடியவில்லை, வீங்குவதற்கு நரம்பிழை மிச்சமில்லை. முனை வெளுத்துப்போயிருந்தது.

இப்போது அக்காவுக்கு எதிரே நிற்கிறவர் முகம் தெரியும், அவர் நீட்டுகிற டம்ளர் தெரியாது. படி இறங்கும்போது காலால் தேடுவாள். போன பார்வை போனதுதான், இருந்ததைத்தான் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

மன்னவனூர் மச்சான்:

அக்காவுக்கு நல்லபடியாக இருக்கட்டும். நான் பில் என்று சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் ஆறு மணிக்கு நம்ம பையன் காய் லோடு ஏற்றிக்கொண்டு மதுரை போகிறான். முன்சீட்டில் இரண்டு பேர் உட்காரலாம், பூம்பாறையிலேயே ஏற்றிக்கொள்வான்.

பூண்டுக்காட்டான் (பூம்பாறை):

சிசேரியன்தான். அந்த ஒரு கேள்வியில் அத்தை வாயடைத்துப்போய்விட்டார். வேலப்பர் விபூதியை மடித்துக் கையில் கொடுத்து, போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டார். மச்சான், லோடு வண்டி வேண்டாம், கொண்டை ஊசி அண்ணன் காரில் போகிறோம். காதுச் சத்தம் இருக்கிறதாம், யாரும் கேட்காததால் சொல்லவில்லையாம்.

கொண்டை ஊசி (பெருமாள்மலை):

கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்துவிட்டேன். காட்ரோடு தாண்டும்வரை தங்கச்சி இரண்டு தடவை வாந்தி. மலை இறங்குவதால் எல்லோரும் எடுப்பதுதான், ஆனால் தலைவலியோடு வாந்தி என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொன்னேன்.

இந்த இழையை ஓட்டுநர்கள் யாராவது படித்தால் ஒரு வார்த்தை. எனக்கும் இது வந்தது. பெண்களுக்குத்தான் அதிகம் என்றாலும், ஆண்களுக்கு வந்தால் பார்வை போகிற ஆபத்து இன்னும் கூடுதல் என்றார் டாக்டர். டம்டம் பாறைக்குக் கீழே எதிரே வந்த பஸ் இரண்டு பஸ்ஸாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ஒரு கண்ணை மூடினேன், ஒரே பஸ். திறந்தேன், மறுபடி இரண்டு. கிட்டத்தில் ஸ்டியரிங்கைப் பார்த்தால் ஒன்றாகத்தான் தெரியும், தூரம் போகப் போகப் பிரியும். கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற 6-ஆம் நரம்பு அழுத்தத்தில் சோர்ந்துபோவதால் வருவதாம். அப்போது எனக்கு எடையும் அதிகம், தூக்கத்தில் மூச்சுத் திணறுகிற குறட்டையும் இருந்தது. அதுவும் சம்பந்தப்பட்டதுதான் என்று அதற்குத் தனியாக வைத்தியம் பார்த்தார்கள். பார்வைப் புல அறிக்கை சரியாக வரும்வரை வண்டியைத் தம்பிதான் ஓட்டினான்.

பழைய வாத்தியார் (பழனி):

முதுகு ஊசி புதுக் கண்டுபிடிப்பு என்று யாரும் பயப்பட வேண்டாம். ஜெர்மனியில் ஹைன்ரிக் குவின்கே என்ற மருத்துவர் 1891-இல் செய்து காட்டிய முறை. கட்டி இல்லாமல் தலைக்குள் அழுத்தம் கூடுகிற இந்த நோயைப் பற்றி 1893-இல் எழுதியவரும் அவரேதான். 1937-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 22 நோயாளிகளை வைத்து இதற்கு வரையறை வகுத்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். இதற்குக் கொடுக்கிற அசெட்டசோலமைடு மாத்திரையைத்தான் என் பேரன் லடாக் போனபோதும் போட்டுக்கொண்டான். அப்படியானால் மலை உயரம்தான் காரணமோ?

வத்தலகுண்டு மெடிக்கல்:

இல்லை அய்யா. மருந்து ஒன்று, வேலை வேறு. மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல், சமவெளியிலிருந்து வேகமாக ஏறுகிறவர்களுக்கு வருவது. கொடைக்கானலே சுமார் 2,100 மீட்டர்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மதுரையிலும் சென்னையிலும் இந்த நோயாளிகள் இருக்கிறார்களே. ஐஐஎச்சில் இந்த மாத்திரை மூளை நீர் ஊறுவதைக் குறைக்கிறது. கிளாக்கோமாவுக்கும் இதே மாத்திரை உண்டு. அதனால்தான் கடையில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

பூண்டுக்காட்டான் (பூம்பாறை):

வீடு வந்து சேர்ந்தோம். எல்லோருக்கும் விவரம் சொல்ல வேண்டும்.

கட்டி இல்லை. சிரையில் உறைவு இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் பெரிய சிரை ஒரு இடத்தில் ஒடுங்கியிருக்கிறது. நீர் அழுத்தம் 34. பார்வைப் புலத்தில் இரண்டு கண்ணிலும் குருட்டுப் புள்ளி பெரிதாகியிருக்கிறது, இடது கண்ணில் மூக்குப் பக்கம் கீழே கறுப்பு விழுந்திருக்கிறது. அந்தக் கறுப்பை அச்சடித்த தாளில் பார்த்த பிறகுதான் தங்கச்சி கண்ணுக்கு என்ன என்று கேட்பதை நிறுத்தினாள். நரம்பு வீக்கத்துக்கு 0 முதல் 5 வரை தரம் போடுகிறார்கள், இவளுக்கு 3.

ஊர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. ஹீமோகுளோபின் 7.8. ரத்தசோகை கடுமையாக இருந்தாலும் இந்த அழுத்தம் கூடுமாம். பேரீச்சம்பழத்தால் ஆகாது, இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றுகிறார்கள். பால் கொடுப்பதைச் சொன்னோம், அதையும் யோசித்துத்தான் அசெட்டசோலமைடு ஆரம்பித்திருக்கிறார்கள். எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் பெரிய பாடு. நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிறவளிடம் வாக்கிங் போ என்றால் சிரிக்கிறாள்.

தாண்டிக்குடி மிளகு:

நல்லவேளை. மாத்திரை ஆரம்பித்ததும் விரல் நுனி, உதட்டோரம் எல்லாம் மதமதவென்று இருக்கும், பக்கவாதம் என்று பயந்துவிடாதீர்கள். அடிக்கடி ஒன்றுக்குப் போகும். சோடா, கலர் எதைக் குடித்தாலும் ஆணி ஊறப்போட்ட தண்ணீர் மாதிரி இருக்கும். சிறுநீரகக் கல் வர வாய்ப்பு உண்டு. விலாப்பக்கம் பிடித்து வலித்தால் சொல்ல வேண்டும். பொட்டாசியம் பார்க்க ரத்தப் பரிசோதனையும் சொல்வார்கள். மதமதப்பு பிடிக்கவில்லை என்று தானாக மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நிறைய, தங்கச்சியிடம் அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

எடைக்கு நடையைவிடச் சாப்பாடுதான். எனக்கு 80 கிலோ இருந்தது. இருந்த எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே நரம்பு வீக்கம் இறங்க ஆரம்பிக்கும் என்றார்கள், அதாவது 4 முதல் 8 கிலோ. மலையேற்றம் இல்லாத வீட்டில் இருக்கிறவர்களைவிட நமக்குப் பசி அதிகம், மூன்று வேளையும் சோறும் உருளைக்கிழங்கும்தான். நான் ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் விட்டேன், உப்பு அதில்தான் ஒளிந்திருக்கிறது. காபிக்குச் சர்க்கரை போடுவதை விட்டது எல்லாவற்றையும்விடக் கஷ்டம்! பிள்ளை பெற்ற உடம்பு என்று லேகியமும் நெய்யும் ஊட்டுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் ஒரு தடவை டாக்டர் முன்னால் உட்கார வையுங்கள். நாம் சொன்னால் எடுபடாது.

கண்ணாடிக்காரி (மதுரை):

எடைக் குறைப்போடு மாத்திரையும் சேர்ந்தால் பலன் கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 165 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில் எல்லோருக்கும் உப்புக் குறைத்த, எடை குறைக்கும் உணவுமுறை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அசெட்டசோலமைடு, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஆறு மாதத்தில் மாத்திரை எடுத்தவர்களின் பார்வைப் புலம் கூடுதலாகத் தேறியது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் பார்வை இழப்பு லேசாக இருந்தவர்கள். வேகமாகப் போகிற கண்ணுக்கு மாத்திரையை நம்பிக் காத்திருக்க மாட்டார்கள். கண் நரம்பு உறையில் சின்னத் திறப்பு வைப்பது, மூளை நீரை வயிற்றுக்குள் குழாய் வழியாக வடியவிடுவது, ஒடுங்கிய சிரைக்குள் ஸ்டென்ட் வைப்பது என்று வழிகள் உண்டு. தங்கைக்கு இப்போது அது தேவைப்படவில்லை என்பது நல்ல சேதி.

அடுத்த தடவை வரும்போது தலைவலி குறைந்துவிட்டது என்று பார்வைப் புலச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். தலைவலியும் நரம்பு வீக்கமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் என்று கட்டாயமில்லை. பழைய தாளையும் கொண்டுவாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும்.

கூக்கால் அம்மா:

இப்போதுதான் முழுவதும் படித்தேன். என் மகள் திண்டுக்கல் ஹாஸ்டலில் இருக்கிறாள், 19 வயது, ஒல்லிதான். முகப்பருவுக்குத் தோல் டாக்டர் ஐசோட்ரெடினாயின் கொடுத்திருக்கிறார். இடையில் காய்ச்சல் என்று வேறொரு இடத்தில் போனபோது டாக்சிசைக்ளினும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் சாப்பிடுகிறாள். மூன்று நாளாகத் தலைவலி என்று போனில் சொன்னாள், பரீட்சை பயம் என்று விட்டுவிட்டோம். எடை கூடவில்லை என்றால் பயமில்லைதானே?

வத்தலகுண்டு மெடிக்கல்:

அம்மா, எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த இரண்டு மாத்திரையும் ஒன்றாகவே போகக் கூடாது. தலைக்குள் அழுத்தம் ஏறும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. ஒரு டாக்டர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது. இப்போதே மகளுக்கு போன் போட்டு அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் தோல் டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். தலைவலி இருப்பதால் இன்றைக்கே கண் டாக்டரிடம் போய், சொட்டு மருந்து விட்டு நரம்பு முனையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பலகையை வாசித்துவிட்டு வந்துவிடக் கூடாது. திண்டுக்கல்லிலேயே பார்க்கலாம். இரண்டு அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

கூக்கால் அம்மா:

போன் போட்டுவிட்டேன். வார்டன் கூடப் போகிறார்.